கொழும்பின் சுவர்களையும் சிலைகளையும் படம் எடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்தேன்; அப்படியே இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன். படம் எடுப்பது எனக்குத் தொழில் இல்லை. சனி, ஞாயிறு, போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாள்களில் கமராவோடு நடப்பேன். சுவரோவியம், சிலை, கோபுரம், பந்தல் என்று காசு கொடுக்காமல் எவரும் பார்க்கக்கூடியவற்றைத் தேடிப் போவேன். என் படங்களைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கொழும்பில் அப்படி என்ன கலை இருக்கிறது? எல்லாம் கட்டடமும் விளம்பரப் பலகையும்தானே?

பஸ்ஸில் போகிறவருக்கு அப்படித்தான் தெரியும். இறங்கி நடந்தால் வேறு ஊர். கோட்டை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பௌத்தக் கல்விக்கு உழைத்த அமெரிக்கர் ஒல்கொட்டின் சிலை நிற்கிறது. எத்தனை பேர் நின்று முகத்தைப் பார்த்திருப்போம்? விகாரமகாதேவி பூங்காவில் இருக்கும் போர் நினைவுத் தூணை வடிவமைத்தவர் புது டில்லியைத் திட்டமிட்ட எட்வின் லட்யன்ஸ். முதலில் அது காலிமுகத்திடலில் இருந்தது; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றிப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். பேரை வாவியிலுள்ள சீமா மாலக விகாரையை ஜெஃப்ரி பாவா வடிவமைத்தார். இவை எல்லாம் நாம் தினமும் போகிற வழியில்தான் இருக்கின்றன.

சரி, எங்கிருந்து தொடங்கலாம் அக்கா?

பொரளையில், கோதமி விகாரையில் தொடங்குங்கள். வேறு எங்கும் போகாவிட்டாலும் அங்கே போங்கள்.

1939, 1940 ஆண்டுகளில் ஜோர்ஜ் கீற் அங்கே புத்தரின் வாழ்க்கையைச் சுவர் முழுக்க வரைந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கீற், உருவங்களை வடிவத் துண்டுகளாக்கிக் காட்டும் ஐரோப்பியக் கியூபிசத்தைக் கற்றவர், ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இரண்டும் அந்தச் சுவரில் சேர்ந்திருக்கின்றன. உருவங்களைச் சுற்றி ஓடும் கோடுதான் அங்கே உயிர். ஒரு பெண்ணின் தோளில் தொடங்குகிற கோடு கையாக வளைந்து, பக்கத்தில் நிற்பவளின் சேலை மடிப்பாகி, அடுத்த உருவத்துக்குப் போய்விடும். கண்களெல்லாம் பெரியவை, நீண்டவை. பழைய விகாரை ஓவியங்களில் கதை பட்டை பட்டையாகப் போகும். இங்கே உருவங்கள் ஆளுயரத்துக்கு எழுந்து நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன.

படம் எடுப்பவருக்கு அந்த இடம் நல்ல பள்ளிக்கூடம். அறை சிறியது, பின்னால் போக இடமில்லை, அகன்ற லென்ஸ் போட்டால் ஓரத்து முகங்கள் இழுபடும். அதனால் முழுச் சுவரையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்க வேண்டாம். கோடு போகிற வழியே போங்கள். கை, கண், மடிப்பு என்று துண்டு துண்டாக எடுத்தால், வீட்டுக்கு வந்து அடுக்கிப் பார்க்கும்போது கீற் எப்படி யோசித்தார் என்பது தெரியவரும்.

அங்கிருந்து இன்னொரு நாள் களனி ரஜமகா விகாரைக்குப் போகலாம். கொழும்புக்கு வெளியே, ஆனால் தூரமில்லை. சோலியஸ் மெண்டிஸ் 1930களில் தொடங்கிப் பல ஆண்டுகள் வரைந்தவை அங்கே உள்ளன. புத்தரின் பல்லான தலதாவைக் கூந்தலில் மறைத்துக்கொண்டு வரும் ஹேமமாலாவின் ஓவியத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்த ஞாபகம் பலருக்கு இருக்கும். மெண்டிஸின் நிறம் மென்மையானது, கீற்றின் கோடு வலியது. ஒரே காலத்தில், இவ்வளவு அருகருகே, இவ்வளவு வேறுபட்ட இரண்டு கைகள். கீற்றைப் பார்த்த சூட்டோடு மெண்டிஸைப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் சைவம். விகாரைக்குள் போய்ப் படம் எடுத்தால் ஒன்றும் சொல்லமாட்டார்களா?

கும்பிட வருகிறவர்களை மதித்து நடந்தால் போதும். செருப்பையும் தொப்பியையும் கழற்றுங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம், ஓவியத்துக்கும் கேடு. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது இங்கே பெரிய அவமதிப்பு. ஹாமுதுரு என்று அழைக்கப்படும் பிக்குவிடமோ அங்கே கூட்டிப் பெருக்குகிறவரிடமோ முதலில் கேளுங்கள். சிங்களம் சரளமாக வராவிட்டாலும் “போட்டோ எகக் கன்ன புளுவந்த?” (ஒரு படம் எடுக்கலாமா?) என்று கேட்டால் முகம் மலர்ந்து அனுமதிப்பவர்கள்தான் அதிகம்.

தமிழர் சம்பந்தப்பட்ட கலை கொழும்பில் எங்கே?

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்கும்போது குரலில் ஒரு தயக்கம் இருக்கும், இங்கே நமக்கு என்ன இருக்கப் போகிறது என்பது போல. நிறைய இருக்கிறது.

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போங்கள். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். தூணும் சுவரும் கருங்கல். வண்ணக் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் இருட்டாகத்தான் தோன்றும். கொஞ்ச நேரம் தூணடியில் உட்காருங்கள். கண் பழகப் பழக யாளியும் கொடியும் பூவும் கல்லிலிருந்து வெளியே வரும். மூலஸ்தானத்தை எடுக்கக் கூடாது, மற்ற இடங்களுக்கு ஐயரிடம் கேளுங்கள். காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின், பக்கவாட்டில் வருகிற வெளிச்சத்தில் கல்லின் செதுக்கல் நன்றாக எழும்பும்.

நிறம் வேண்டுமென்றால் செட்டியார் தெரு. நகைக்கடைகளுக்கு நடுவே பழைய, புதிய கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் நாள்களில் அங்கிருந்துதான் தேர் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். தேரைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். தேருக்கு முந்தின நாள் அலங்காரம் செய்கிறவர்களின் கைகளை எடுத்துப் பாருங்கள், எனக்கு அதில்தான் ஆசை. கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் புதிதாக வண்ணம் பூசப்படும். அதனால் ஒரே கோபுரத்தைச் சில ஆண்டுகள் இடைவெளியில் எடுத்தால், முருகனின் பக்கத்தில் நிற்கும் தேவியரின் சேலைகள் நிறம் மாறியிருக்கும். இப்படி மாறுகிற படங்களைச் சேர்த்து வைப்பவர்கள் நம்மில் மிகக் குறைவு.

சிலைகள் என்றால் பழைய பாராளுமன்ற முன்றல். இன்று ஜனாதிபதி செயலகம் இருக்கிற அந்தக் கட்டடத்தின் முன்னே இராமநாதனும் அவர் தம்பி அருணாசலமும் நிற்கிறார்கள், மலையகத் தமிழரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானும் நிற்கிறார். மலையகத்திலிருந்து வந்தவள் என்பதால் அந்தச் சிலை எனக்குத் தனி. எங்கள் ஆட்களுக்கு வாக்குரிமை பறிபோன காலத்தைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அவர் கொழும்பின் கடற்காற்றில் நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பது சாதாரண விஷயமல்ல.

அப்புறம், ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. 1877இல் கொழும்பில் பிறந்து, 1947இல் அமெரிக்காவில் பொஸ்டனுக்கு அருகே இறந்த அந்தத் தமிழர்தான் 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கண்டிக் கைவினைஞர்களின் வேலையை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவர் அவர். அவர் பெயர் தாங்கிய வீதியின் நடைபாதையில் ஓவியர்கள் தங்கள் படங்களை வேலியில் சாய்த்து விற்கிறார்கள். 1993 முதல் கலா பொல என்ற திறந்தவெளிக் கலைச் சந்தையும் அங்கேதான் ஆண்டுதோறும் கூடுகிறது. அன்று ஓவியரிடமே நேராகப் பேசலாம். வாங்காவிட்டாலும் பேசுங்கள்.

புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை எந்த நேரத்தில் எடுக்க வேண்டும்?

சம்மாங்கோட்டுப் பள்ளி என்று ஊரார் சொல்லும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை 1908, 1909இல் கட்டினார்கள். வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்றவரல்லர். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கோடுகள், மாதுளம்பழக் குமிழ்கள், முறுக்கிய தூண்கள், எல்லாம் அவர் யோசித்தவை. குறுக்குத் தெரு ஒடுக்கமானது. நாட்டாமைகள் என்ற சுமைத் தொழிலாளர்கள் வண்டியை இழுத்துக்கொண்டு வரும்போது நடுவில் நிற்காதீர்கள், அது அவர்களுடைய பிழைப்பு. ஞாயிறு காலை கடைகள் திறக்குமுன் போனால் தெரு உங்களுக்குத்தான். ஆனால் அந்த நாட்டாமைகள் இல்லாத படம் எனக்குப் பாதிப் படமாகவே படுகிறது. அதனால் நான் வார நாளிலும் போவேன், எதிர்க் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அவருடைய படிக்கட்டில் நின்று எடுப்பேன்.

2019இல் எல்லாச் சுவரிலும் வரைந்தார்களே, அவை இன்னும் இருக்கின்றனவா?

பெரும்பாலும் இல்லை. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் தூரிகையோடு இறங்கினார்கள். அதுவரை தேர்தல் சுவரொட்டியும் அழுக்குமாக இருந்த மதில்களில் காடும் யானையும் அரசர்களும் முளைத்தார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். அதே நேரம், அந்தச் சுவர்களில் வரலாறு என்று வந்தவை பெரும்பாலும் ஒரு பக்கத்து வீரர்களும் போர்க் காட்சிகளும். தமிழில் ஒரு வரியைத் தேடினால் கிடைப்பது அரிதாக இருந்தது. இரண்டையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். அழகான யானையை மட்டும் எடுத்து வைத்தால், அந்த ஆண்டு நாடு எப்படி இருந்தது என்பதைப் பிறகு பார்க்கிறவர் அறியமாட்டார்.

வெளிச் சுவருக்குப் பூசும் சாதாரண எமல்சன் இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அதிக நாள் தாங்காது. நிறம் வெளுக்கும், ஈரம் ஏறிய இடத்தில் பொருக்கு எழும்பும், பாசி படரும். எங்காவது மிச்சம் கண்டால் அன்றே எடுத்துவிடுங்கள்.

கொம்பனித் தெருவைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

அங்கே கலை, குடியிருக்கிறவர்களிடமிருந்தே வந்தது என்பதால்.

மலாய், தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சேர்ந்து வாழ்ந்த பகுதி அது. வேகந்தைப் பள்ளிவாசலும் கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் நடந்து போகும் தூரத்தில். உயர்ந்த கட்டடங்கள் எழ எழப் பழைய வீடுகள் இடிபட்டன, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போயின. பல்கனிகளோடு தெரு முனையில் நின்ற டி சொய்சா கட்டடமும் இடிக்கப்பட்டது. அந்த நேரத்தில்தான் அங்கேயே வளர்ந்த ஃபிரி ரஹ்மான், பரிலோஜிதன் ராமநாதன், விக்கி ஷாஜஹான் போன்ற இளம் கலைஞர்கள் சேர்ந்து, ‘நாங்கள் இந்த இடத்தவர்கள்’ என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சாதாரண மனிதர்களின் உருவங்களைத் தெருச் சுவரிலேயே வரைந்தார்கள். அரசர்களுக்கும் தலைவர்களுக்கும்தான் சிலை, சுவர் என்றிருக்கிற ஊரில், பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் நிற்பது எவ்வளவு பெரிய காரியம்!

ரியோ திரையரங்கும் அங்கேதான். 1965இல் ஒரு தமிழ்க் குடும்பம் நவீன அரங்காகத் திறந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்டது. கரி படிந்த அந்தக் கட்டடம் பிற்காலத்தில் கொழும்புஸ்கோப் கலை விழாவுக்குக் களமாகவும் பயன்பட்டது. எரிந்த சுவருக்குள் புதிய ஓவியத்தைத் தொங்கவிடும்போது, அந்தச் சுவரும் ஓவியத்தோடு சேர்ந்து பேசுகிறது. அப்படிப்பட்ட இடத்தை எடுக்கும்போது ஓவியத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். விரிசலும் கரியும் சட்டகத்துக்குள் வரட்டும்.

இந்தப் பகுதியில் படம் எடுக்க ஒரே வழி பேச்சுதான். சாயத் தண்ணி குடியுங்கள், கதை கேளுங்கள். இது அவர்களுடைய வாசல். முதலில் சுவரின் கதையைச் சொல்லக்கூடியவர் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் நான் கமராவை வெளியே எடுப்பேன்.

காலிமுகத்திடலில் பார்க்க என்ன இருக்கிறது?

முன்னாள் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் சிலை. செய்தவர் சோவியத் சிற்பி லெவ் கெர்பல். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் இருக்கும் பிரம்மாண்டமான கார்ல் மார்க்ஸ் தலையும் அவர் கைவேலைதான். இது தெரிந்தபின் சிலையின் உடைமடிப்புகளைப் பாருங்கள், அந்தப் பாணி பிடிபடும். மாலையில் கடல் பக்க வெளிச்சம் நேராக வரும்.

2022 ஏப்ரல் 9ஆம் திகதி தொடங்கிய போராட்டக் களம் இந்தத் திடலில்தான் இருந்தது. கூடாரம், பதாகை, ஓவியம், நூலகம், பாட்டு என்று சில மாதங்கள் நாட்டின் மிகப் பெரிய திறந்தவெளிக் கலைக்கூடம் அதுவாக இருந்தது. மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, கஞ்சி பகிர்ந்தார்கள். கொழும்பின் நடுவில் அப்படி ஒன்றைத் தமிழர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஓகஸ்டுக்குள் எல்லாம் அகற்றப்பட்டுவிட்டன. அந்த ஓவியங்கள் இன்று படங்களில்தான் இருக்கின்றன. உங்கள் போனில் அந்த நாளைய படம் இருந்தால் திகதியோடு இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலையும், பழுதாகும்.

கமராவோடு நின்றால் பொலிஸ் பிடிக்காதா?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரோடு, கையில் கமராவோடு நிற்பது ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். இன்று பூங்கா, கடற்கரை, வீதிச் சுவர், கோயில் வாசல் ஆகியவற்றில் பொழுதுபோக்குக்குப் படம் எடுக்க யாரும் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை. ஆனால் ஜனாதிபதி மாளிகை, துறைமுகம், படை முகாம்கள் ஆகியவற்றின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். பழைய பாராளுமன்ற முன்றலில் சிலையை எடுக்குமுன் காவலில் இருப்பவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வீதிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

யாராவது தடுத்தால் கமராவை இறக்கிவிட்டு எடுத்த படத்தைக் காட்டுங்கள். சுவரோவியத்தையோ சிலையையோ பார்த்ததும் பலர் இளகிவிடுவார்கள். “அங்கே இன்னொன்று இருக்கிறது, பார்த்தீர்களா?” என்று வழிகாட்டி அனுப்பிய காவலாளிகளும் உண்டு.

பெண் பிள்ளை தனியே போகலாமா?

நான் போகிறேன். காலை ஆறு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில் கொழும்பு நல்ல ஊர். நடைப்பயிற்சிக்காரர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் என்று ஆள் நடமாட்டம் இருக்கும். தெரியாத ஒழுங்கைக்குள் முதல் தடவை தோழியோடு போங்கள். தோள்வாரைக் குறுக்காகப் போட்டு, சின்னப் பையோடு போனால் நடக்கவும் வசதி.

எந்தக் கமரா வாங்க வேண்டும்?

கையிலிருக்கும் போன் போதும். சுவருக்கு நேர் எதிரே, போனைச் சாய்க்காமல் பிடியுங்கள். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் மதிலின் விளிம்பு நேராக வரும். அகலக் கோணத்தை விட்டு இரண்டடி பின்னால் போங்கள்.

வெயில் எப்போதும் தலைக்கு மேலேயே இருக்கிறதே, என்ன செய்வது?

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். காலை, மாலைப் பொன்வெளிச்சமும் இங்கே சீக்கிரம் முடிந்துவிடும். சுவர் எந்தத் திசை பார்க்கிறது என்பதைத்தான் முதலில் குறிக்க வேண்டும். கிழக்குப் பார்த்த கோபுரத்துக்குக் காலை. கடற்கரைப் பக்கம் மேற்குப் பார்த்த மதிலுக்கு மாலை நாலரைக்குப் பின். வடக்குப் பார்த்த சுவரில் நண்பகல் வெயில் விழுவது ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில்தான்; டிசம்பரில் போனால் நாள் முழுக்க நிழல்.

தட்டையான ஓவியத்துக்கு மேகமூட்டம்தான் அருமை. நிறம் அப்படியே வரும், மின்கம்பியின் நிழல் குறுக்கே விழாது. சிற்பத்துக்கு நிழல் வேண்டும், அதற்கு வெயில் நல்லது.

மழையிலும் ஈரத்திலும் லென்ஸ் பூஞ்சணம் பிடிக்கிறது.

காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். தோல் உறைக்குள் நாள்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் கண்ணாடியில் பனிக்கும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விடுங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் உப்பைத் துடைத்துவிடுங்கள்.

நம் நாட்டுப் படக்காரர்களில் யாரைப் பார்த்துக் கற்கலாம்?

லயனல் வென்ட். 1900இல் பிறந்து 1944இல் காலமானவர், சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். 1943இல் உருவான ’43 குழு என்ற நவீன ஓவியர்களை ஒன்றுசேர்த்தவரும் அவர்தான், கீற்றுக்கும் நண்பர். இருட்டறையில் அவர் செய்து பார்க்காத சோதனை இல்லை. அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் கையால் அச்சிட்ட பிரதிகள்தான் மிஞ்சின. அவருடைய வீடு இருந்த கில்ஃபோர்ட் கிரசென்ட் காணியில் இன்று அவர் பெயரில் அரங்கும் கலைக்கூடமும் இருக்கின்றன. ’43 குழுவின் ஓவியங்களைப் பார்க்க பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸின் பழைய வீடான சபுமல் மன்றத்துக்குப் போங்கள். 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் விளக்கங்கள் தமிழிலும் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல இடம்.

சுவரோவியத்தின் படத்தை என் பெயரில் போடலாமா?

படம் உங்களுடையது, ஓவியம் அவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு கலைஞரின் பதிப்புரிமை அவர் வாழ்நாளும், இறந்தபின் 70 ஆண்டுகளும் இருக்கும். ஆகவே அட்டை, டீ சேர்ட், நாட்காட்டி என்று விற்க நினைத்தால் கலைஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சும்மா பகிர்வதென்றாலும் பெயரைப் போடுங்கள். பெயர் பெரும்பாலும் சுவரின் கீழ் மூலையில் சின்னதாக இருக்கும்; அதைத் தனியாக ஒரு படம் எடுங்கள். முழுச் சுவரும் தெருவும் சேர்ந்து ஒன்று, நுணுக்கம் ஒன்று, கையெழுத்து ஒன்று என்று எடுத்துப் பழகினால் பிறகு தேட வேண்டியதில்லை. கோப்பின் பெயரிலேயே வீதியையும் திகதியையும் எழுதிவிடுங்கள்.

கையால் எழுதிய கடைப் பெயர்ப்பலகையையும் ஓட்டோவின் பின்பக்கத்தையும் எடுக்கிறீர்களே, அதுவும் கலையா?

ஆம். புறக்கோட்டையில் மூன்று மொழியிலும் அளவு பிசகாமல் எழுதிய பழைய பலகையை நின்று பாருங்கள். தமிழ் எழுத்தின் சுழியை அவ்வளவு அழகாக வளைத்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டிஜிட்டல் பிளெக்ஸ் வந்தபின் அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. கடைக்காரரிடம் யார் எழுதியது என்று கேட்டுக் குறித்து வைக்கிறேன்.

வெசாக் பந்தலின் விளக்குகள் படத்தில் பாதி அணைந்தே வருகின்றன. ஏன்?

மே மாதப் பந்தல்களில் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிவதில்லை. வரிசை வரிசையாக மாறி மாறி எரிவதால்தான் ஓடுவது போலத் தெரிகிறது. ஷட்டர் வேகம் அதிகமாக இருந்தால் அந்தக் கணத்தில் எரிந்த வரிசை மட்டும் பதியும். அரை நொடிக்குத் திறந்து வையுங்கள், முழுச் சுற்றும் வந்துவிடும். கூட்டத்தில் முக்காலி விரிக்க இடமிருக்காது. மதிலிலோ கம்பத்திலோ கமராவை அழுத்திப் பிடித்து, இரண்டு நொடி டைமரில் விடுங்கள். நடுவில் புத்தரின் முற்பிறவிகளைப் பற்றிய ஜாதகக் கதையைச் சொல்லும் ஓவியப் பலகைகள் விளக்குகளைவிட மங்கலாக இருக்கும். அவற்றைத் தனியாக, நெருங்கி எடுங்கள். இருட்டு முழுக்க விழுமுன், வானம் கருநீலமாக இருக்கிற ஆறே முக்கால் மணிக்குப் போனால் பந்தலின் உருவமும் தெரியும், விளக்கும் தெரியும். பொரளை, புறக்கோட்டை, தொட்டலங்க மூன்றையும் ஒரே இரவில் பார்த்துவிட முடியாது. ஒன்றைத் தெரிவுசெய்து போங்கள், வழியில் தன்சல் என்ற இலவச உணவுப் பந்தலில் சாப்பாடு கிடைக்கும்.